பெண் பிள்ளைகள் ஹாலுக்கு, பையன்கள் மைதானத்துக்கு

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 ஏப்ரல் கடைசியில் ஒரு நீதிபதி எழுதிய உத்தரவு வக்கீல்கள் மத்தியில் பெரிய பேச்சாகிவிட்டது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. ஒருவருக்கு 22 வயது, இன்னொருவருக்கு 20. ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டில் ஒப்பவில்லை. கிளம்பிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுக்க, போலீஸ் தேட, பாதுகாப்பு கேட்டு இருவரும் கோர்ட் படியேறினார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. இந்த விஷயத்தில் தனக்கே சரியான புரிதல் இல்லை, முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதினார். உளவியல் ஆலோசகர் வித்யா தினகரனிடம் நேரம் கேட்டு வாங்கி, உட்கார்ந்து பாடம் கேட்டார். அதன் பிறகுதான் ஜூன் 7 அன்று தீர்ப்பு வந்தது. இந்தியா முழுக்க இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

அப்போது அவருக்கு வயது 51. சட்டம் படித்து, வக்கீலாக வாதாடி, உயர் நீதிமன்ற நாற்காலியில் உட்கார்ந்த ஒருவருக்கே இந்தப் பாடம் அதுவரை எங்கேயும் கிடைத்திருக்கவில்லை. அவராவது ஒரு நிபுணரை அழைத்துக் கேட்டுக்கொள்ள முடிந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை யாரைப் போய்க் கேட்கும்?

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடமே இருக்கிறது. குரல் உடைவது, ஹார்மோன்கள், மாதவிடாய்ச் சுழற்சி எல்லாம் அதில் வருகின்றன. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம், பன்னிரண்டாம் வகுப்பில் இன்னும் விரிவாக. ஆனால் புத்தகத்தில் இருப்பதும் வகுப்பில் நடப்பதும் வேறு வேறு. பூவின் மகரந்தச் சேர்க்கையைப் படம் போட்டு விளக்கும் ஆசிரியர், மனிதன் என்று வந்ததும், "இதை வீட்ல படிச்சுக்கோங்க, ரெண்டு மார்க்தான் வரும்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். பாடம் முடிந்தது.

வருஷத்தில் ஒருநாள் டாக்டரம்மா யாராவது வந்து பேசுவதுண்டு. அன்றைக்குப் பெண் பிள்ளைகள் ஹாலுக்குப் போவார்கள், பையன்கள் மைதானத்துக்கு. ஹாலில் மாதவிடாய் பற்றி, சுத்தம் பற்றி, சில சமயம் நாப்கின் பாக்கெட் விநியோகத்தோடு ஒரு மணி நேரம். மைதானத்தில் கிரிக்கெட். இந்த ஒரு காட்சியில் பாலியல் கல்வி பற்றிய நம்முடைய மொத்தக் கணக்கும் அடங்கிவிடுகிறது. அது பெண்ணுக்கு மட்டும் உரியது, அதுவும் அவள் உடம்பைக் காபந்து பண்ணுவதற்காக. மைதானத்துக்கு அனுப்பப்பட்டவன் விடுபட்டுப்போனான். ஹாலிலேயே உட்கார்ந்திருந்தும், சொல்லப்பட்ட எதுவும் தனக்குப் பொருந்தாமல் விழித்தவர்களும் உண்டு. காது கேளாத பிள்ளை, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை, திருநர் பிள்ளை, தன் பாலினத்தவரிடமே ஈர்ப்பை உணரும் பிள்ளை. 'அனைவரையும் உள்ளடக்கிய பாலியல் கல்வி' என்று நிபுணர்கள் நீட்டி முழக்குவது இவர்கள் எல்லோரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நடத்தும் வகுப்பைத்தான்.

பையன்களிடமிருந்தே தொடங்கலாம். மைதானத்துக்கு அனுப்பப்பட்ட பையனுக்கும் ஆசிரியர்கள் கிடைக்காமல் இல்லை. அந்தக் காலத்தில் லாட்ஜ் வைத்தியர் இருந்தார். எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த லாட்ஜில் இருப்பார் என்று பத்திரிகைகளில் பட்டியலே வரும். கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி, தூக்கத்தில் விந்து போனால் ஆண்மை போச்சு என்று பயமுறுத்தி, லேகியத்தைத் தலையில் கட்டி அனுப்புவார்கள். 'விந்து விட்டவன் நொந்து கெட்டான்' என்கிற பழமொழி வேறு துணைக்கு. சுய இன்பத்தாலோ தூக்கத்தில் விந்து வெளியேறுவதாலோ உடம்புக்குக் கேடில்லை என்பது மருத்துவம் எப்போதோ முடித்துவைத்த விஷயம். ஆனாலும் 'விந்து போகிறதே' என்ற பயத்தில் சோர்ந்து, தூக்கம் கெட்டு வரும் இளைஞர்களை நம் ஊர் மனநல மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். மனநல மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, தெற்காசியாவின் நோய் என்கிற குறிப்போடு. டாக்டர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியை நடத்தியபோது வீட்டில் பெரியவர்கள் சேனலை மாற்றியதும், எல்லோரும் தூங்கியபின் பிள்ளைகள் திருப்பி வைத்ததும் அந்தத் தலைமுறைக்கு நினைவிருக்கும். இப்போது சேனலை மாற்றும் சிரமம்கூட இல்லை. போன் இருக்கிறது. அதில் வரும் ஆபாசப் படங்கள் உடம்பைப் பற்றியும் பெண்ணின் சம்மதத்தைப் பற்றியும் சொல்லித்தருவது லேகிய வைத்தியர் சொன்னதைவிட மோசம்.

பையனுக்கு ஆபத்து ஒன்றுமில்லை என்ற நினைப்பும் தப்பு. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியதில், ஏதாவது ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். அவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்கள் பையன்கள். 2012இல் வந்த போக்சோ சட்டமும் பாதிக்கப்பட்டது ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. ஆனால் பையன் ஒருவன் வீட்டில் வந்து சொன்னால் நம்புவதற்கு நாம் இன்னும் பழகவில்லை.

பெண்களின் விஷயத்தைப் பையன்களும் தெரிந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2025 ஏப்ரலில் பொள்ளாச்சி அருகே ஒரு தனியார் பள்ளியில், வயதுக்கு வந்த எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுத வைத்தார்கள். தாய் எடுத்த வீடியோ பரவியது. தலைமையாசிரியர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். கோவையில் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் மெஷின் செய்து உலகமே பார்த்துப் பாராட்டிய அதே வட்டாரம். கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு அரசே இலவச நாப்கின் தரும் மாநிலம். நாப்கின் வந்துவிட்டது, நினைப்பு இன்னும் வரவில்லை.

ஏன் வரவில்லை? ஒரு காரணம் டெல்லியில் இருக்கிறது. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்தபோது, 2005 வாக்கில், வளரிளம் பருவத்தினருக்கான கல்வித் திட்டம் ஒன்றை மத்திய அரசு கொண்டுவந்தது. 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று வரிசையாக மாநிலங்கள் அதற்குத் தடை போட்டன. பாடத்தில் இருந்த படங்கள் ஆபாசம், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்றார்கள். 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது. அன்றிலிருந்து 'பாலியல்' என்ற சொல்லைக் கேட்டாலே அதிகாரிகள் ஃபைலை மூடிவிடுகிறார்கள். அதனால்தான் 'வாழ்க்கைத் திறன்', 'உடல்நலம்', 'நல்வாழ்வு' என்று பெயர் மாற்றி மாற்றி ஊட்டவேண்டியிருக்கிறது.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற வாதத்தை உலக அளவில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பல நாடுகளின் ஆய்வுகளை அலசி ஒரு முடிவைச் சொல்கிறது: பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் உறவில் இறங்குவது அதனால் கூடுவதில்லை, ஆபத்தான பழக்கங்களும் கூடுவதில்லை. 'கல்யாணம்வரை வேண்டாம்' என்று மட்டும் போதிக்கும் பாடத்தால் பலனில்லை என்பதும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. இன்னொரு பக்கம், தெரியாமல் இருப்பதன் அளவு என்ன? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, எச்.ஐ.வி. பற்றி முழுமையாகத் தெரிந்தவர்கள் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 22 சதவீதம்கூட இல்லை. ஆண்களில் 31 சதவீதத்துக்குள்தான். நாடே எய்ட்ஸ் விளம்பரம் பார்த்து முப்பது வருஷம் ஆனபிறகு இந்த நிலைமை.

மாநிலங்கள் தடை போட்ட அதே காலத்தில் ஜார்க்கண்ட் அரசு சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தது. 2006இல் 'உடான்' என்ற பெயரில் அரசுப் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வியைத் தொடங்கி, சொந்த ஆசிரியர்களையே பயிற்றுவித்து, விடாமல் நடத்தியது. பணக்கார மாநிலம் அல்ல, பழங்குடிகள் நிறைந்த மாநிலம். பண்பாடு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

விடுபட்டவர்களில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள். 2018 ஜூலையில் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளிவந்த கொடுமை பலருக்கு நினைவிருக்கும். காது கேளாத 11 வயதுச் சிறுமி. அங்கேயே வேலை பார்த்த ஆட்கள். மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. இந்த மாதிரி ஆட்கள் குறிவைப்பது, சொல்ல முடியாது என்று தாங்கள் நம்பும் பிள்ளையைத்தான். அதனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிய வேண்டும். அந்தரங்க உறுப்புக்குச் சைகை தெரிய வேண்டும். 'வேண்டாம்' என்பதற்குச் சைகை தெரிய வேண்டும். வீட்டில் தாய்க்கும் அதே சைகை தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் 'சாப்பாடு', 'தூக்கம்', 'பள்ளிக்கூடம்' என்பதற்குச் சைகை உண்டு, இதற்கு இல்லை.

பார்வையற்ற பிள்ளைக்கு சார்ட் மாட்டிப் பயனில்லை. தொட்டு உணரும் மாதிரி உருவம் வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள பெண் பிள்ளைக்கு மாதவிடாயை வாயால் விளக்கினால் பயம்தான் மிஞ்சும். சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பூப்படையும் வயதுக்கு முன்பே நாப்கினில் சிவப்புச் சாயத் தண்ணீரைத் தெளித்து, உள்ளாடையில் ஒட்டுவது, எடுப்பது, சுருட்டிக் காகிதத்தில் மடித்துக் குப்பைத்தொட்டியில் போடுவது, கை கழுவுவது என்று ஒவ்வொன்றையும் படக்கார்டாக வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். முதல் நாள் வரும்போது ரத்தத்தைப் பார்த்து அலறாத பிள்ளை, படிப்பைத் தொடர்கிறது. பழகாத பிள்ளையை வீட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். சில பெற்றோர் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கும் அளவுக்குப் போகிறார்கள்.

பையன்களுக்கு வேறு பாடம். பதினான்கு வயதுப் பையன் எல்லோர் முன்னிலையிலும் தன்னைத் தொட்டுக்கொண்டால் அடிவிழும், அல்லது அவனை வெளியே கூட்டிப்போவதே நின்றுவிடும். அடித்தால் அவனுக்குப் புரிவது 'என் உடம்பு கெட்டது' என்பது மட்டும். பஸ் ஸ்டாண்டு, வகுப்பறை, கூடம், குளியலறை, தன் படுக்கை என்று போட்டோக்களை வைத்து, எது பொது இடம், எது தனி இடம் என்று பிரிக்கச் சொல்லிப் பழக்கினால் சில மாதத்தில் பிடித்துக்கொள்கிறான். டெல்லியிலுள்ள 'தார்ஷி' அமைப்பு 1996இல் பாலியல் சந்தேகங்களுக்குத் தொலைபேசி உதவி எண் தொடங்கியது. ஊனமும் பாலியலும் என்ற விஷயத்தில் தனி அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. சென்னையில் 2004 முதல் இயங்கும் 'துளிர்' அமைப்பு குழந்தைப் பாதுகாப்பைச் சொல்லித்தரும் வேலையில் இருக்கிறது. இந்த அமைப்புகள் பேசுவது பெரும்பாலும் நகரத்துக்குள் கேட்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சிறப்புப் பள்ளிக்கு அது போய்ச்சேர அரசு மனசு வைக்க வேண்டும்.

திருநர் பிள்ளைகளின் கதை கொஞ்சம் வினோதமானது. இந்த விஷயத்தில் தமிழ்நாடு பல 'முதல்'களுக்குச் சொந்தம் கொண்டாடலாம். 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம். 2019இல் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பைத் தொடர்ந்து, ஊடுபால் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாத நிலையில் பால் மாற்று அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று அரசாணை. 2022இல் மரியாதையான சொற்களின் பட்டியல் அரசிதழில். ஆனால் பிள்ளைக்கு முதல் அடி விழும் இடம் அரசிதழ் அல்ல, பள்ளிக்கூடம். நடையைக் கேலி செய்வதில் தொடங்கி, கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதில் வளர்ந்து, பத்தாம் வகுப்புக்கு முன்பே படிப்பு நிற்கிறது. திருநங்கைகளின் வாழ்க்கைக் கதைகளைப் படித்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்.

ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் தீர்ப்பில் பள்ளிகளுக்கும் சில வேலைகள் கொடுத்திருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூலம் பெற்றோருக்குப் புரியவைப்பது, எல்லோரும் பயன்படுத்தும் கழிப்பறை, சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ள வழி, இவர்களைப் புரிந்த ஆலோசகர்கள். அதே வருஷம் அக்டோபர் கடைசியில் என்.சி.இ.ஆர்.டி. ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது: திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று. ஆண், பெண் எனப் பிரித்து வரிசை நிற்கவைக்கும் பழக்கம்வரை அது யோசித்திருந்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபம் சொல்ல, சில நாட்களுக்குள் இணையதளத்திலிருந்து கையேடு காணாமல் போனது. ஆசிரியர்கள் படித்துப் பார்க்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

மருத்துவக் கல்லூரியிலேயே நிலைமை அப்படித்தான். மருத்துவப் பாடத்தில் பெண் தன்பாலீர்ப்பை 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்ற தலைப்பில் மறுபடி சேர்த்து, 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டம் வெளியிட்டது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவின் பல்லை உச்ச நீதிமன்றம் பிடுங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. எதிர்ப்பு கிளம்பி, செப்டம்பர் முதல் வாரத்திலேயே வாபஸ் வாங்கினார்கள்.

இதில் எல்லோரும் மறந்துவிடும் பாடம் ஒன்று உண்டு: சட்டம். பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்து ஊரைவிட்டுப் போய் உறவு கொண்டால், இருவருக்கும் இஷ்டம் என்றாலும், போக்சோ சட்டப்படி அவன் குற்றவாளி. 18 வயதுக்குக் குறைந்தவரின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே அல்ல. இது கைவிலங்கு மாட்டிய பிறகுதான் அவனுக்குத் தெரியவருகிறது. பெண் பக்கத்தில் சாதி குறுக்கே நின்றால் புகார் இன்னும் வேகமாக வரும். ஈரோட்டு வழக்கொன்றில் 2021 ஜனவரியில் இதே ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சொல்லி வழக்கை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் தமிழ்நாடு டி.ஜி.பி.யும், இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். கர்ப்பமான சிறுமி ஆஸ்பத்திரிக்குப் போனால் மருத்துவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற விதி, பிள்ளைகளைப் போலி வைத்தியரிடம் துரத்தியது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்தி, சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் மறைக்கலாம் என்றது. இந்தச் செய்தி எந்தப் பள்ளி அறிவிப்புப் பலகையிலாவது ஒட்டப்பட்டிருக்கிறதா?

ஒரு நீதிபதியும் எல்லாவற்றிலும் சரியாக இருந்துவிடுவதில்லை. குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படத்தை டவுன்லோடு செய்த சென்னை இளைஞர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் ரத்து செய்ததும் ஆனந்த் வெங்கடேஷ்தான். உச்ச நீதிமன்றம் அதே வருஷம் செப்டம்பரில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அப்படித் தள்ளிய தீர்ப்பில்தான், பாலியல் கல்வி மேல்நாட்டுச் சரக்கு, பிள்ளைகளைக் கெடுக்கும் என்பதெல்லாம் தவறான நம்பிக்கை என்று பக்கம் பக்கமாக எழுதி, ஜார்க்கண்ட் 'உடான்' திட்டத்தையும் உதாரணம் காட்டியது. 2025 அக்டோபரில் இன்னொரு அமர்வு, ஒன்பதாம் வகுப்புவரை காத்திருக்காமல் இன்னும் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்றது.

சரி, யார் நடத்துவது? மத்திய அரசின் பள்ளி நலத் திட்டம் 2020இல் 11 தலைப்புகளில் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தால் ஓர் ஆண், ஒரு பெண், 'நலத் தூதுவர்'களாகப் பயிற்சி பெற வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு நடக்க வேண்டும். வளர்ச்சி, உறவுகள், பாலினச் சமத்துவம், எச்.ஐ.வி., இணையப் பாதுகாப்பு எல்லாம் பட்டியலில் உண்டு. தன்பாலீர்ப்புக்குத் தலைப்பு இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியருக்குக்கூட முதல் வகுப்பில் வாய் வராது. அதற்கு அனுபவசாலிகள் கண்டுபிடித்த வழி, ஒரு பெட்டி. பெயர் எழுதாமல் சீட்டில் கேள்வி எழுதிப் போடலாம். கேட்க ஒன்றும் இல்லாதவரும் ஒரு சீட்டில் எதையாவது கிறுக்கிப் போட வேண்டும், அப்போதுதான் யார் கேட்டார் என்று தெரியாது. ஆசிரியர் சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, தெரியாததை மருத்துவரிடம் கேட்டு, அடுத்த வாரம் வந்து பதில் சொல்லலாம். ஆணும் பெண்ணும் ஒரே அறையில் உட்கார்ந்து அந்தப் பதில்களைக் கேட்கலாம்.

டைம்டேபிளில் அந்த ஒரு மணி நேரம் மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு என்றால் ஜனவரி பிறந்ததுமே, போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் வந்து அந்த பீரியடையும் கேட்டு வாங்கிக்கொள்வார்.